அளவுகோலின் இரு முனைகள்

அளத்தல் என்பது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்ட தொழில்களுள் ஒன்று. நெல்லை மரைக்காலாலும், துணியை முழக்கோலாலும், பொழுதை நிழலாலும் அளந்தவனுக்கு எதை அளப்பது என்ற ஐயம் எழுந்திருக்க நியாயமில்லை. நெற்குவியல் கண்முன்னே கிடந்தது. துணியின் தலைப்பும் முடிவும் கைக்கு எட்டின. கணனியின் வருகைக்குப் பின்னர் அளக்கப்படும் பொருள்கள் அத்துணை எளிதிற் பிடிபடுவனவாக இல்லை. மென்பொருளொன்று நன்றாக இயங்குகிறதா என்ற வினாவுக்கு விடை கூறுமுன், யாருக்கு நன்று, எவ்வேளையில் நன்று, எங்கிருந்து எதுவரை அளந்தபோது நன்று என்பனவற்றைத் தீர்மானித்தாக வேண்டியுள்ளது. இத்தீர்மானம் தொழில்நுட்ப விவரம் போலத் தோற்றமளிப்பினும், அதனுள்ளே யாருடைய காத்திருப்பைக் கணக்கில் எடுப்பது என்ற அறவினா மறைந்து கிடக்கின்றது.

பொறியியற் பீடமொன்றில் இறுதியாண்டிற் பயின்ற மாணவன் ஒருவன் இதனை உணர்ந்துகொண்ட வகை ஈண்டு எடுத்துரைக்கத்தக்கது. கிழக்கு மாகாணத்துக் கரையோரக் கிராமமொன்றிற் பிறந்தவன் அவன். தன் ஆய்வுத்திட்டத்துக்காக, கடலோரத்திலும் ஆற்று முகத்துவாரங்களிலும் நாட்டப்படும் நீர்மட்ட உணரிகளிலிருந்து வரும் அளவீடுகளை உடனுக்குடன் ஆராய்ந்து, ஆபத்தின் அறிகுறி தென்படின் ஊரவர்க்கு அறிவிக்கும் மென்பொருளொன்றை அவன் எழுதத் தொடங்கினான். இத்தகையன நிகழ்வுச் செயன்முறை மென்பொருள்கள் எனப்படும். தரவுகளைச் சேமித்துவைத்துப் பின்னர் வினாத்தொடுக்கும் பழைய முறைக்கு இவை நேர்மாறானவை. இங்கு வினா முன்னதாகவே எழுதப்பட்டுக் காத்திருக்கும். நிகழ்வுகள் ஆறுபோல அதனைக் கடந்து செல்லும். வங்கி அட்டை மோசடியைக் கண்டறிவதும், பங்குச் சந்தையின் விலையசைவைக் கவனிப்பதும், வீதி நெரிசலைக் கணிப்பதும் இவ்வகை மென்பொருள்களாலேயே நடைபெறுகின்றன. இத்துறையில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கி, 2011இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்து, பின்னர் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் வளர்க்கப்பட்ட 'சித்தி' என்னும் மென்பொருள் இவ்வகையினதே. அம்முன்னோடிகளின் வழியிற் செல்லும் ஆவலே அம்மாணவனையும் உந்தியது எனலாம்.

சில மாத உழைப்பின் பின் அவன் தன் மேற்பார்வையாளரான விரிவுரையாளரிடம் ஒரு வரைபடத்தை எடுத்துச் சென்றான். தன் மென்பொருள் ஒரு செக்கனில் ஓர் இலட்சம் அளவீடுகளைக் கையாளுகின்றது என்பதே அதன் சாரம். அவன் எதிர்பார்த்தது பாராட்டு. விரிவுரையாளர் வரைபடத்தை நெடுநேரம் நோக்கிவிட்டு, "தம்பி, இந்த இலட்சம் ஆருக்குத் தேவைப்பட்டது?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வினாவுக்கு அவனிடம் விடை இருக்கவில்லை. விடுதிக்குத் திரும்பிக் கணக்கிட்டுப் பார்த்தான். கரையோரத்தில் ஆயிரம் உணரிகளை நாட்டினாலும், ஒவ்வொன்றும் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை அளவீட்டை அனுப்பினாலும், ஒரு செக்கனில் வந்து சேர்வன நூறு அளவீடுகளே. இலட்சம் என்ற எண் கடலின் தேவையிலிருந்து பிறந்ததன்று. பிறருடைய கட்டுரைகளில் அவ்வகை எண்கள் இருந்தமையாற் பிறந்தது. அதனினும் பெரிய குறை ஒன்றும் இருந்தது. அந்த இலட்சத்தை எட்டுவதற்காக அவன் அளவீடுகளைத் தனித்தனியே நோக்காது, ஐயாயிரம் சேரும்வரை காத்திருந்து ஒரே தொகுதியாகக் கையாண்டிருந்தான். செக்கனுக்கு நூறு வீதம் வரும் அளவீடுகள் ஐயாயிரமாவதற்கு ஐம்பது செக்கன் செல்லும். தொகுதியில் முதலில் வந்த அளவீடு, ஆபத்தைச் சொல்லவந்த அளவீடாயினும், ஐம்பது செக்கன் வாய்மூடி இருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தில் நிற்கும் மினிபஸ்ஸை நோக்கின் இதனை விளங்கிக்கொள்ளலாம். இருக்கைகள் நிரம்பும்வரை நடத்துநர் வண்டியை எடுக்கமாட்டார். ஒரு பயணிக்கு ஆகும் எரிபொருட் செலவை அளவுகோலாகக் கொண்டால் அவர் செய்வது முற்றிலும் சரியானதே. முதலில் ஏறி யன்னலோரம் அமர்ந்து, வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அவசரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூதாட்டிக்கு அந்த அளவுகோலாற் பயன் யாது? ஒரு செக்கனில் எத்தனை என்னும் வீதமும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்னும் தாமதமும் இருவேறு அளவைகள். முன்னையது வண்டிக்காரனின் அளவை. பின்னையது பயணியின் அளவை. இரண்டையும் ஒருங்கே உச்சப்படுத்த எவராலும் இயலாது.

இவ்விரண்டுக்குமிடையிலான தொடர்பு கணனிக்கு முற்பட்டது. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளின் வருகையை நிகழ்தகவு முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அழைப்பு ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. இணைப்பகம் அவற்றைச் செயன்முறைப்படுத்தும் பொறி. அவருக்குப் பின் வளர்ந்த வரிசைக் கோட்பாட்டில், 1961இல் ஜோன் லிற்றில் நிறுவிய விதி எளிமையாற் சிறப்புடையது: ஒழுங்கமைப்பினுள்ளே சராசரியாக நிற்போரின் தொகை, வருகை வீதத்தைச் சராசரித் தங்குநேரத்தாற் பெருக்கவரும் பெறுமானமாகும். தபாற்கந்தோருக்கும் இது பொருந்தும், மென்பொருளுக்கும் பொருந்தும். மாணவன் அவ்விதியைத் தன் மென்பொருளின்மீது பிரயோகித்துப் பார்த்தான். ஒரு செக்கனில் நூறு வருகை, சராசரியாக இருபத்தைந்து செக்கன் காத்திருப்பு. எனவே எக்கணத்திலும் சராசரியாக இரண்டாயிரத்து ஐந்நூறு அளவீடுகள் படிக்கப்படாத கடிதங்கள்போல் அவனது கணனியினுள்ளே தேங்கிக் கிடந்தன.

அதே கோட்பாடு இன்னோர் எச்சரிக்கையையும் தருகின்றது. வருகையும் சேவை நேரமும் தற்செயலாக அமையும் மிக எளிய வரிசையொன்றிற் பொறி பாதியளவே வேலையாயிருப்பின், வந்தவர் வெளியேற ஆகும் நேரம் சராசரிச் சேவை நேரத்தின் இருமடங்கு. பொறி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையாயிருப்பின் அது பத்துமடங்கு. தொண்ணூற்றொன்பது பங்காயின் நூறுமடங்கு. கணனியை ஒரு கணமும் சும்மா இருக்கவிடாது வேலை வாங்குதல் சிக்கனம் என்று கருதுவோர் இவ்வெண்களை மனங்கொள்ளல் வேண்டும். அமைதியான நாளில் அரைவாசி சும்மா இருக்கும் பொறியே ஆபத்து நாளில் உதவும். ஏனெனில் நிகழ்வுகள் சீராக வருவனவல்ல. கடல் அமைதியாயிருக்கையில் உணரிகள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறும். கடல் பொங்குகையில் யாவும் ஏககாலத்திற் பேசத் தொடங்கும். மென்பொருளின் தகுதியைச் சாதாரண நாளில் அளப்பது, அணைக்கட்டின் வலிமையைக் கோடைகாலத்திற் சோதிப்பதை ஒக்கும்.

மாணவன் தொகுதி முறையைக் கைவிட்டான். ஒவ்வோர் அளவீட்டையும் வந்த மாத்திரத்தே நோக்கும்படி மென்பொருளைத் திருத்தி, இம்முறை தாமதத்தையே அளந்தான். சராசரி ஏறத்தாழ முப்பது மில்லி செக்கன் என வந்தது. மகிழ்ச்சியுடன் அதனைக் காட்டியபொழுது, விரிவுரையாளர் ஒரு தாளில் ஓர் எளிய கணக்கை எழுதிக்காட்டினார். ஆயிரம் அளவீடுகளில் 990 பத்து மில்லி செக்கனில் முடிவடைகின்றன. எஞ்சிய 10 இரண்டு செக்கன் வீதம் எடுக்கின்றன எனக் கொள்க. சராசரி 29.9 மில்லி செக்கன். ஆயினும் முப்பது மில்லி செக்கன் என்ற தாமதத்தை அனுபவித்த அளவீடு அந்த ஆயிரத்தில் ஒன்றேனும் இல்லை. சராசரி என்பது ஒருவருக்கும் நிகழாத அனுபவத்தின் பெயராகவும் இருக்கக்கூடும். ஆதலால், சராசரியை விடுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நிகழ்வுகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிவடைகின்றன என்று கேட்பதே துறைசார்ந்தோர் வழக்கம். கடைசியாக நிற்பவரின் நிலைமையை வைத்தே வரிசையின் தரத்தை மதிப்பிடுதல் அதன் உட்கருத்து.

அவ்வாறே அவன் மீண்டும் அளந்தான். பெறுபேறுகள் வியக்கத்தக்க அளவுக்கு நன்றாயிருந்தன. அவ்வியப்பே அவனுக்கு ஐயத்தைத் தந்தது. பரிசோதனை நடைபெறுகையில் திரை ஐந்து செக்கன் அசைவற்று நின்றதை அவன் தன் கண்ணாற் கண்டிருந்தான்; கணனி தன் நினைவகத்தைத் துப்புரவு செய்வதற்காக யாவற்றையும் நிறுத்திவைக்கும் வேளை அது. கண்ணாற் கண்ட அத்தடங்கல் அட்டவணையில் எங்கே போயிற்று?

இரண்டு நாள் தேடியபின் விடை கிடைத்தது. குறை மென்பொருளில் இருக்கவில்லை. அளந்த முறையிலேயே இருந்தது. கடலுக்குப் பதிலாகச் செயற்கை அளவீடுகளை அனுப்பும் சிறு நிரலொன்றை அவனே எழுதியிருந்தான். அந்நிரல் ஓர் அளவீட்டை அனுப்பி, அதற்குப் பதில் வந்தபின்னரே அடுத்ததை அனுப்பியது. மென்பொருள் ஐந்து செக்கன் திகைத்து நின்றபோது, அளவீடு அனுப்பும் நிரலும் மரியாதையுடன் காத்து நின்றது. எனவே தாமதித்ததாகப் பதிவானது ஒரேயோர் அளவீடு. உண்மையான உணரிகளாயின் அந்த ஐந்து செக்கனில் ஐந்நூறு அளவீடுகளை அனுப்பியிருக்கும். அவை அனைத்துமே வாயிலிற் காத்துக்கிடந்திருக்கும். பத்து நிமிடப் பரிசோதனையின் அறுபதினாயிரம் அளவீடுகளில் ஒன்றே தாமதித்தது என்ற கூற்றுக்கும், ஐந்நூறு தாமதித்தன என்ற உண்மைக்கும் எத்துணை வேறுபாடு! இத்தவறு அவனுக்கு மட்டும் உரியதன்று. கணனித் துறையில் இது பரவலாகக் காணப்படும் பிழையெனச் சுட்டிக்காட்டி, கில் ரீன் என்னும் பொறியியலாளர் அதற்கு ஒரு பெயரும் சூட்டியுள்ளார். அளப்பவனும் அளக்கப்படுவதும் தம்முள் ஒத்துக்கொண்டு குறையை மறைப்பது என்பது அப்பெயரின் உட்பொருள்.

கடல் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. இதனை உணர்ந்தபோது அவனுள்ளே வேறொரு நினைவு எழுந்தது.

2004 டிசம்பர் 26ஆந் தேதி அவன் சிறுவனாயிருந்தான். பெற்றோருடன் உள்ளூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தமையால் உயிர் தப்பினான். கரையோர வீட்டிலிருந்த அவனது அம்மம்மா திரும்பவில்லை. அவ்வீட்டின் கிணற்றுக்கட்டு மாத்திரம் மணலில் எஞ்சியிருந்தது. அதுபற்றி வீட்டில் எவரும் அதிகம் பேசுவதில்லை. அவனும் அதனைத் தன் ஆய்வோடு தொடர்புபடுத்தி எவரிடமும் கூறியதில்லை. இப்பொழுது, அளவுகோலின் தொடக்கமும் முடிவும் எங்கே வைக்கப்படல் வேண்டும் என்று சிந்திக்கத் தலைப்பட்டவன், அன்றைய காலையின் நேரங்களைத் தேடி ஒரு தாளில் வரிசையாக எழுதினான்.

அக்காலத்தில் இலங்கை நேரம் கிரினிச் நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முந்தியதாயிருந்தது. அதன்படி, சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது காலை 6.59 மணியளவில். ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதலாவது அறிக்கையை வெளியிட்டது 7.14க்கு, அதில் நடுக்கத்தின் பருமன் 8.0 எனக் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது அறிக்கை 8.04க்கு வெளிவந்தது, பருமன் 8.5 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. உண்மைப் பருமன் 9.1 எனப் பின்னரே கணிக்கப்பட்டது. நடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஹவாயில் இருந்தோரைக் குறைகூறுவது பொருந்தாது. அந்நிலையத்தின் பொறுப்புப் பசுபிக் சமுத்திரமே. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. மாணவன் நோக்கியது வேறொன்றை. நடுக்கத்திலிருந்து அறிக்கைவரை அளந்தால் அன்றைய தாமதம் ஏறத்தாழ பதினைந்து நிமிடம். அக்காலத்துக்கு அது இழிவான பெறுபேறன்று. நடுக்கத்திலிருந்து அம்மம்மாவின் செவிவரை அளந்தால் தாமதம் முடிவிலி. இரண்டும் ஒரே காலையின் அளவீடுகள், இரண்டும் உண்மை. வேறுபட்டது அளவுகோலின் மறுமுனை வைக்கப்பட்ட இடம் மாத்திரமே.

அன்றுதொட்டு அவன் தன் மென்பொருளின் தாமதத்தை, அளவீடு கணனிக்குள் நுழைந்த கணத்திலிருந்து கணக்கிடுவதை நிறுத்தினான். நீர்மட்டம் உயர்ந்த கணமே தொடக்கம். கிராமத்திலுள்ள ஒருவர் அறிவித்தலைக் கேட்கும் கணமே முடிவு. நிகழ்வு நேரத்திலிருந்து அளப்பதும் செயன்முறை நேரத்திலிருந்து அளப்பதும் வெவ்வேறு முடிவுகளைத் தரும் என்பதனை ஆய்வாளரும் வலியுறுத்தியுள்ளனர். கணனியின் வாயிலுக்கு வெளியே நீண்ட வரிசை நிற்க, உள்ளே வந்தவரை மாத்திரம் கணக்கெடுத்து 'எங்கள் சேவை விரைவானது' என்று கூறும் அலுவலகங்கள் எமக்குப் புதியனவல்ல.

விரைவு ஒன்றே போதும் எனின் சிக்கல் இவ்வளவில் முடிந்துவிடும். ஆனால் விரைந்து சொல்லப்படும் செய்தி தவறாயிருந்தால் என் செய்வது? இவ்வினாவுக்கு ஜப்பானின் அனுபவத்தைப்போல் விளக்கம் தருவது பிறிதொன்றில்லை. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு அந்நாட்டின் வடகிழக்குக் கடலில் நிலம் நடுங்கியது. முதல் அதிர்வு கருவியொன்றில் பதிவாகி 8.6 செக்கனில் நிலநடுக்க முன்னெச்சரிக்கை பொதுமக்களுக்கு விடுக்கப்பட்டது. 2.49க்கு, அதாவது மூன்று நிமிடத்தில், சுனாமி எச்சரிக்கையும் வெளிவந்தது. உலகில் வேறெந்த நாடும் அன்று இவ்விரைவை எட்டியிருக்குமா என்பது ஐயமே. ஆனால் அம்மூன்று நிமிடக் கணிப்பில் நடுக்கத்தின் பருமன் 7.9 எனக் கொள்ளப்பட்டது. உண்மையிலோ அது 9.0. விரைவுக்காகக் கைக்கொள்ளப்பட்ட கணிப்பு முறை, மிகப் பெரிய நடுக்கங்களின் பருமனைக் குறைத்தே காட்டும் இயல்பினது. அதன் விளைவாக, மியாகி மாவட்டத்துக்கு ஆறு மீற்றர், இவாத்தே, புக்குஷிமா மாவட்டங்களுக்கு மூன்று மீற்றர் என அலையின் உயரம் அறிவிக்கப்பட்டது. 3.14க்கு அவ்வெண்கள் உயர்த்தப்பட்டன. எனினும் மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் திருத்தம் பலரை எட்டவில்லை. மூன்று மீற்றர்தானே, எமது கடற்சுவர் அதனினும் உயரமன்றோ என்று எண்ணித் தங்கியோரும் இருந்தனர்.

ஜப்பானிய வானிலை நிலையம் இதிலிருந்து பெற்ற பாடம் சிந்திக்கத்தக்கது. கணிப்புத் திருத்தமாகும்வரை காத்திருந்து எச்சரிப்போம் என்று அது முடிவு செய்யவில்லை. மூன்று நிமிட இலக்கைக் கைவிடவும் இல்லை. 2013 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, பருமன் எட்டுக்கு மேற்படலாம் என்ற ஐயம் எழுமிடத்து, முதலாவது எச்சரிக்கையில் அலையின் உயரம் மீற்றர்க் கணக்கிற் கூறப்படமாட்டாது. 'மிகப் பெரியது' என்ற சொல்லே பயன்படுத்தப்படும். எண் பின்னர் வரும். விரைவுக்கும் திருத்தத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நெருக்கடியில், அறியாததை அறிந்ததுபோற் கூறாதிருத்தல் என்ற மூன்றாவது வழியை அவர்கள் கண்டனர். தாமதமாக வரக்கூடிய தரவுகளுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நிகழ்வுச் செயன்முறையாளர் நாள்தோறும் எதிர்நோக்கும் வினாவுக்கும் இதுவே தக்க விடை: முதலிற் பருமட்டான முடிவை அதன் பருமட்டை மறையாது கூறுக, பின்னர் திருத்துக, திருத்தம் முன்னைய செய்தி சென்ற இடமெல்லாம் செல்கிறதா என்பதையும் அளந்து பார்க்குக.

பொய்யான எச்சரிக்கையின் விலையையும் இவ்விடத்து மறத்தலாகாது. 2012 ஏப்ரில் 11ஆந் தேதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனுடைய நடுக்கம் ஏற்பட்டபோது, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி வெளியேற்றப்பட்டனர். கடற்றளம் பெரும்பாலும் பக்கவாட்டில் அசைந்தமையாற் பேரலை எழவில்லை. அன்று ஓடியவர்களுள் அம்மாணவனின் குடும்பத்தினரும் அடங்குவர். அலை வராமைக்கு அவர்கள் வருந்தவில்லை. ஆயினும் ஆண்டுக்குப் பலமுறை இவ்வாறு ஓடநேரின், பின்னர் ஒருநாள் எவரும் ஓடமாட்டார் என்பதை விளக்கப் புள்ளிவிபரம் தேவையில்லை. மனிதரின் நம்பிக்கையும் தீர்ந்துபோகக்கூடிய ஒரு வளமே. அதனையும் அளவுகோலிற் சேர்த்தாக வேண்டும்.

விரைவு, திருத்தம், இழப்பின்மை, பொய்யெச்சரிக்கையின்மை, சிக்கனம் என அளவைகள் பெருகியபொழுது மாணவன் புதியதோர் இடரிற் சிக்கினான். ஐந்தையும் ஒருசேர உச்சப்படுத்த முயன்றவனுக்கு ஒன்றைத் திருத்த மற்றொன்று கெட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டி ஒரே புள்ளியாக்கலாமோ எனவும் எண்ணினான். அவ்வாறாயின் ஒரு நிமிடத் தாமதத்தை எத்தனை ரூபா சேமிப்பு ஈடுசெய்யும் என்று அவனே விலை குறித்தல் வேண்டும். அக்கணக்கை எழுத அவன் கை எழவில்லை.

அவனுக்கு வழிகாட்டியது, தற்செயலாக அதே 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று. பிராண்டைஸ், எம்.ஐ.ரி., ஸ்ரான்போட் முதலிய பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர் சிலர், தரவோட்டங்களைக் கையாளும் ஒழுங்கமைப்புகளை ஒப்பிடுதற்கு 'லீனியர் றோட்' என்னும் சோதனையை அதில் முன்வைத்தனர். கற்பனை நகரமொன்றில் நூறு மைல் நீளமான நெடுஞ்சாலைகள். ஒவ்வொரு வாகனமும் முப்பது செக்கனுக்கு ஒருமுறை தான் நிற்குமிடத்தைத் தெரிவிக்கும். நெரிசலுக்கேற்ப மாறும் வீதிக் கட்டணத்தை ஒழுங்கமைப்புக் கணித்து, ஐந்து செக்கனுக்குள் சாரதிக்கு அறிவித்தல் வேண்டும். விபத்துகளைக் கண்டறிந்து பின்வருவோரை எச்சரித்தலும் வேண்டும். சோதனை மூன்று மணித்தியாலம் நீடிக்கும். அதன் ஈற்றிற் கிடைக்கும் பெறுபேறு ஒரேயோர் எண்: விடைகள் சரியாகவும் காலவரையறைக்குள்ளும் அமைய, எத்தனை நெடுஞ்சாலைகளை ஒழுங்கமைப்புத் தாங்கும் என்பதே அது.

இவ்வமைப்பின் அழகு அவனைக் கவர்ந்தது. விரைவும் சரிநுட்பமும் அங்கு பேரம்பேசும் பொருள்களாக இல்லை. அவை தாண்டவொண்ணா வரம்புகளாக நிற்கின்றன. வரம்புக்குள் நின்றபின்னரே உச்சப்படுத்தல் தொடங்குகின்றது. உச்சப்படுத்தப்படுவதும் ஒன்றே ஒன்றுதான். மேலும், அந்த ஒன்று கணனியின் மொழியிற் சொல்லப்படவில்லை. நெடுஞ்சாலை என்ற, எவருக்கும் விளங்கும் பொருளாற் சொல்லப்படுகின்றது. எதை விட்டுக்கொடுக்க முடியாதோ அதனை வரம்பாக்குக. எஞ்சியவற்றுள் ஒன்றைக் குறிக்கோளாக்குக. அக்குறிக்கோளை அதனாற் பயன்பெறுவோரின் மொழியிற் கூறுக. மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது இவ்வளவே.

தன் ஆய்வறிக்கையின் முதலாம் அத்தியாயத்தை அவன் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். நீர்மட்டம் எல்லையைத் தாண்டிய கணத்திலிருந்து கையடக்கத் தொலைபேசி ஒலிக்கும்வரை செல்லும் நேரம், நெரிசல் மிக்க வேளையிலும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை குறித்த எல்லைக்குள் அமைதல் வேண்டும். அளவீடு எதுவும் தொலைதலாகாது. ஒரே எச்சரிக்கை இருமுறை ஒலிப்பினும் குற்றமில்லை. ஓர் உணரியின் சொல்லை மட்டும் நம்பி ஊரை எழுப்புதலாகாது. அயலிலுள்ள மற்றொன்றும் அதனை உறுதிப்படுத்தல் வேண்டும். அந்த உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கும் நேரமும் மேற்கூறிய எல்லைக்குள் அடங்கியதே. இவ்வரம்புகளுக்குட்பட்டு, பிரதேச செயலகமொன்றால் வாங்கக்கூடிய சாதாரண கணனியொன்று எத்தனை கிராமங்களைக் காக்கும் என்பதே உச்சப்படுத்தப்படும் அளவை.

இறுதியிற் கிடைத்த எண் இரண்டு இலக்கங்களைத் தாண்டவில்லை. இலட்சத்திலிருந்து இரண்டு இலக்கத்துக்கு வந்த வீழ்ச்சியைக் கண்டு சக மாணவர் நகைத்தனர். விரிவுரையாளர் நகைக்கவில்லை. கிராமங்களின் தொகையைப் பார்த்துவிட்டு, "இது ஆருக்கெண்டு இப்ப விளங்குது" என்றார்.

அறிக்கையைக் கையளிக்குமுன் அவன் ஒருமுறை ஊருக்குச் சென்றான். தொலைபேசி ஒலித்தபின் நிகழ்வது யாது என்று அறியவேண்டியிருந்தது. இரவிற் பலர் தொலைபேசியை அணைத்துவைப்பதையும், முதியோர் பலரிடம் அது இல்லாமையையும் கண்டான். கோயில் ஒலிபெருக்கியே ஊர் முழுவதுக்கும் கேட்கும். ஆனால் அது இருக்கும் அறையின் திறப்பு ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவருடைய வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்துசெல்ல ஏழு நிமிடம் சென்றது. மில்லி செக்கன்களுக்காக அவன் இழந்த இரவுகள் பல. ஆயினும் அவனது முழு மென்பொருளிலும் இந்த ஏழு நிமிடத்துக்கு நிகரான தாமதம் எங்கும் இருக்கவில்லை.

அவன் ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்த ஏழு நிமிடமும் இடம்பெற்றது. அதனை எந்த நிரலாலும் குறைக்க முடியாதென்றும், இரண்டாவது திறப்பு ஒன்றை வெட்டுவித்துக் கோயிலுக்கு அயல்வீட்டிற் கொடுப்பதால் ஒரு நிமிடத்துக்கும் கீழாகக் குறைக்கலாமென்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பொறியியல் அறிக்கையொன்றில் இத்தகைய பரிந்துரை பொருந்துமா எனப் பரீட்சகர்கள் வினவக்கூடும் என்று நண்பர்கள் எச்சரித்தனர். அவன் அதனை நீக்கவில்லை. ஊரைவிட்டுப் புறப்படுமுன் திறப்பையும் வெட்டுவித்துக் கொடுத்துவிட்டே வந்தான்.